எம்.எஸ்.டபிள்யூ.: ஊரிலிருந்தே படிப்பதா, பஸ் ஏறுவதா?

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பி.ஏ. பொருளாதாரம் முடித்தவள், எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். அவள் முன்னால் மூன்று வழிகள். தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரி. இல்லையென்றால் சென்னையோ கோவையோ போய் ஹாஸ்டல். அதுவும் இல்லையென்றால் இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலை. "எதுக்குண்ணா மதிப்பு அதிகம்?" என்றாள். "உன் ஃபீல்ட் ஒர்க் ரிப்போர்ட்டை எங்கே ஒழுங்கா படிக்கறாங்களோ, அதுக்கு" என்றேன். மழுப்புகிறேன் என்று நினைத்திருப்பாள்.

மழுப்பல் இல்லை. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணிதான். அதற்கு மேல் கிராம முகாம், கடைசியில் ஒரு மாதம் முழுநேரப் பயிற்சி. நான் படித்தபோது முதல் பருவத்தில் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர் கொடுத்தார்கள். பள்ளியை விட்டு நின்ற ஒரு பெண்ணின் வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் திண்ணையில் பாட்டி மட்டும். எதைக் கேட்டாலும் "தெரியாது சாமி". "குடும்பத்தினர் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வை செய்த மேடம் அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்து, "எத்தனை மணிக்குப் போனாய்?" என்று மட்டும் பக்கத்தில் எழுதியிருந்தார். பதினோரு மணிக்கு. ஊரே தக்காளிக் காட்டில் நிற்கிற நேரம். அடுத்த வாரம் மாலை ஆறரைக்குப் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசினார். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த பருவத்தில் வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நான்கு மாதம் வவுச்சர் ஒட்டினேன். ஏன் என்று கேட்க ஆளில்லை. இரண்டு பருவத்துக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

சரி, வழிகளுக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைப் பக்கத்தவர்களுக்குத் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியும் எட்டும் தூரம்தான். வீட்டுச் சாப்பாடு, குறைந்த செலவு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் சொல்வது களத்தை. சமூகப்பணி மாணவருக்கு இதைவிடப் பெரிய வகுப்பறை கிடைக்காது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, பெற்றோர் வேண்டாம் என்கிற குழந்தையை அரசு ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் தருமபுரிக்கு வந்தது, வேண்டிய காரணம் இருந்ததால்தான். குழந்தைத் திருமணம் இன்னும் ஓயவில்லை. ஃபுளோரைடு தண்ணீரால் கறைபட்ட பற்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். நல்ல முன்மாதிரிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. சித்தேரி, கல்ராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கியில் 1993 முதல் நடக்கும் பழங்குடி மருத்துவமனை ஒன்று. சுயஉதவிக் குழுக்களுக்காக 2012இல் மகசேசே விருது பெற்ற குழந்தை பிரான்சிஸின் அமைப்பு கிருஷ்ணகிரியில். தளிப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் வேண்டும். எல்லையோரப் பிள்ளைகளுக்கு அது கைவந்த பாஷை. சென்னையிலிருந்து வருகிறவர் மொழிபெயர்க்க ஆள் தேடி அலைவார்.

குறை எங்கே என்றால், களம் இருக்கிற அளவுக்கு வழிகாட்ட ஆள் இருப்பதில்லை. ஒரே ஆசிரியர் தலையில் ஏகப்பட்ட பிள்ளைகளைக் கட்டிவிட்டால் அவர் கையெழுத்து மட்டும்தான் போடுவார்.

அந்த விஷயத்தில் நகரம் முந்தும். சென்னை சமூகப்பணிக் கல்லூரி 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கியது. அங்கே படித்தவர்கள் எல்லா இடத்திலும் இருப்பார்கள். வேலைக்கு ஒரு போன் போட அது போதும். கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி. நூலகம், பெரிய மருத்துவமனைகள், ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் பேசும் பழக்கம் எல்லாம் கிடைக்கும். ஆனால் அங்கே கற்பது அந்த ஊர்க் குப்பத்தையும் குடிசைப் பகுதியையும். திரும்பி வந்து பென்னாகரத்தில் வேலை செய்யப் போகிறவர் பாதியை மறுபடி கற்க வேண்டும். அப்புறம் ஹாஸ்டல் செலவு. அதை அவரவர் வீட்டில்தான் கணக்குப் போட முடியும்.

இக்னோ பற்றி அதிகம் சொல்ல இல்லை. குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு. களப்பணி அங்கும் கட்டாயம். ஏற்கெனவே தொண்டு நிறுவனத்திலோ சமூக நலத்துறையிலோ வேலையில் இருப்பவருக்கு அருமையான வழி, களம் அவர் காலடியில் இருக்கிறது. இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்பேன்.

இந்தக் கணக்கு சிறப்புப் பாடத்தைப் பொறுத்தும் மாறும். சமூக மேம்பாடு என்றால் ஊரிலேயே இருங்கள். மனிதவளம் என்றாலும் நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை, ஓசூர் இருக்கிறது. அசோக் லேலண்டும் டைட்டனும் பழைய கதை. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள். 500 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். அதற்குப் பதிலாக வந்த 2020 தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 250ஆக இறக்கியது. மருத்துவம், மனநலம் என்றால் மட்டும் பஸ் ஏறுங்கள். 2017 மனநலச் சட்டப்படி மனநல சமூகப் பணியாளர் ஆக எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டாண்டு எம்.ஃபில். கேட்கிறார்கள். பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் மாதிரி இடத்தில் சேர நினைப்பவர், முதல் இரண்டு ஆண்டையும் பெரிய மருத்துவமனை உள்ள ஊரில் கழிப்பது நல்லது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "சேரும் முன்னால் கல்லூரிக்குப் போய் ஒரு சீனியர் அக்காவோட ஃபீல்ட் ஒர்க் நோட்டை வாங்கிப் பார்." வெள்ளிக்கிழமை போய் வந்தாள். பதினாறு ரிப்போர்ட்டாம். பதினாறிலும் ஆசிரியர் கையெழுத்து ஒரே தேதியில், ஒரே பேனாவில். அடுத்த கல்லூரிக்குத் திங்கட்கிழமை போகிறாள்.