இரண்டடித் தொட்டிக்கு அடிமீன்: வாங்கிப் பார்த்ததில் எது தேறியது

முதலில் தொட்டியைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியைச் சொல்லாமல் மீனைப் பற்றிக் கதைப்பதில் பிரயோசனம் இல்லை. நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி. கணக்குப் பார்த்தால் 56 லீற்றர் வரும், மணலும் கல்லும் போட்டு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டால் உள்ளே நிற்கிற தண்ணீர் 45 லீற்றர்தான். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில், வெயில் நேரே படாத மூலையில் வைத்திருக்கிறேன். மேலே பத்துப் பன்னிரண்டு குப்பி மீன், இரண்டு பிளற்றி மீன். அவை தம்பாட்டில் குட்டி போட்டுக்கொண்டு சந்தோசமாக இருக்கின்றன, ஏனென்றால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது (கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான்), குப்பிக்கும் மொலிக்கும் அது தோதான தண்ணீர். அடியில் சாப்பாடு விழுந்து வீணாகிறதே, ஒரு அடிமீன் விடுவோம் என்று தொடங்கித்தான் வில்லங்கம் வந்தது. மூன்று வருடத்தில் ஐந்து வகை வாங்கிப் பார்த்துவிட்டேன். யாராவது இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போனால் எனக்குப் போன காசில் பாதியாவது மிஞ்சும்.

தொட்டியின் தரை 2 சதுர அடி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரப்புக் கணக்கில் காணி வைத்திருப்பவர்களே வேலிக் கதியாலை அரை அடி தள்ளிப் போட்டதற்குக் கோடேறுகிற ஊர் இது. 2 சதுர அடிக்குள் மூன்று வகை அடிமீனை விட்டு ஒற்றுமையாக இருங்கள் என்றால் அவை என்ன செய்யும்?

முதலாவதாக வாங்கியது, எல்லோரும் வாங்குகிற அதே ராங் கிளீனர், பிளெக்கோ என்றும் சொல்வார்கள். கடைக்காரர், "அண்ணை, இதொண்டை விடுங்கோ, கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கும், தொட்டி கழுவவே தேவையில்லை" என்றார். இரண்டு அங்குலக் குட்டி, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றது, மருமகனுக்கு அதைப் பார்த்ததும் வேறு எதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது. முதல் இரண்டு மாதம் உண்மையிலேயே பாசியைத் தின்றது. பிறகு சாப்பாட்டு வில்லையில் ருசி கண்டுவிட்டுப் பாசியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு வருடத்தில் ஏழு அங்குலம். திரும்புகிற போது செடி பிடுங்குப்படும், கல் உருளும், இரவில் டக் டக்கென்று கண்ணாடியில் வாலடிக்கிற சத்தம் அறைக்குள் கேட்கும். கழிவோ, சொல்லி வேலையில்லை, நூல் நூலாக மணல் முழுக்க. தொட்டியைத் துப்புரவாக்க வாங்கிய மீனுக்காகக் கிழமைக்கு இரண்டு தடவை தொட்டி கழுவினேன்.

அந்த மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, ஒரு அடிக்கு மேல் வளருகிற சாதி. கடையில் இதைச் சொல்வதே இல்லை. அம்மா, "ஆரியகுளத்திலை கொண்டுபோய் விடன்" என்றா. அதை மட்டும் செய்யக்கூடாது. இலங்கையின் குளங்களில் இந்த மீன் ஏற்கெனவே பெருகி ஆக்கிரமிப்பு இனமாகிவிட்டது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, செட்டையில் முள், வலையில் பட்டால் வலையும் போச்சு, தின்னவும் யாரும் விரும்புவதில்லை. கடைசியில் சுன்னாகத்தில் சீமெந்துத் தொட்டி வைத்திருக்கிற சொந்தக்காரர் ஒருவரின் தலையில் கட்டினேன். அங்கே நன்றாக இருக்கிறதாம். இரண்டடித் தொட்டிக்கு இது ஐந்து புள்ளிக்குப் பூச்சியம். இதே குடும்பத்தில் மூக்கில் தும்பு தும்பாக முளைக்கிற பிரிஸ்ல்நோஸ் பிளெக்கோ இருக்கிறது, ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும், பாசியும் கொஞ்சம் கூட நாள் தின்னும். கட்டாயம் பிளெக்கோதான் வேண்டும் என்று பிள்ளை அழுதால் அதில் ஒன்று, ஒன்றே ஒன்று, கூடவே கடிப்பதற்கு ஒரு மரக்கட்டை. அதுவும் இந்த அளவுத் தொட்டிக்குக் கழிவு கூடத்தான்.

சைனீஸ் அல்ஜி ஈற்றர்: வேண்டாம். குட்டியில் பாசி தின்னும், வளர்ந்தால் மற்ற மீனின் உடம்பில் ஒட்டி அதன் சளிப்படலத்தை உறிஞ்சும். என் பிளற்றி ஒன்று பக்கவாட்டில் செதில் இழந்து நின்றபோதுதான் விளங்கியது. சிவப்பு வால் சார்க்கை நான் வாங்கவில்லை, நண்பன் ஒருவன் வாங்கினான். கறுப்பு உடம்பு, செக்கச் சிவந்த வால், வடிவுதான். ஆனால் தொட்டியின் ஒரு மூலையைத் தன் பெயருக்கு உறுதி எழுதிக்கொண்டு, அந்தப் பக்கம் வருகிற எல்லோரையும் துரத்தும், பிறகு மற்ற மூலையும் தன்னுடையதென்று சொல்லும். மேலே சொன்ன கதியால் கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சரி, தேறியதுக்கு வருகிறேன். கோரி. முழுப்பெயர் கொரிடோரஸ், கடையில் கோரி என்றாலே தருவார்கள். இரண்டு அங்குலம், இரண்டரை அங்குலத்தோடு நிற்கும், யாரையும் கடிக்காது, குப்பிக்குக் கிட்ட வந்தால் இதுதான் விலகிப் போகும். பிறந்த குப்பிக் குஞ்சு வாய்க்கருகில் வந்தால் மட்டும் விழுங்கிவிடும், அதற்கு மேலே மிதக்கிற செடி போட்டால் போதும். நாள் முழுக்க மீசையை மணலுக்குள் விட்டு, புழுதியில் கோழி கிளறுவது மாதிரிக் கிளறிக்கொண்டே திரியும். எனக்கு வேலையால் வந்து ஒரு கோப்பை தேத்தண்ணியோடு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே பொழுதுபோக்கு.

ஆனால் கோரியிலும் பிழை விட்டேன், அதைச் சொல்ல வேண்டும். முதல் தடவை ஒன்றாகவும் இரண்டாகவும் வகைக்கொன்று வாங்கினேன், வடிவாக இருக்கும் என்று. ஒன்று பில்ரருக்குப் பின்னால் போய்ப் பதுங்கியதுதான், வெளியே வரவேயில்லை. இது கூட்டமாக வாழுகிற மீன், அதுவும் தன் இனத்தோடு. ஒரே வகையில் ஆறு வாங்கிய பிறகுதான் அவை பகலில் வெளியே வந்தன. இரண்டாவது பிழை, பெப்பர் கோரி என்று புள்ளி புள்ளியாக விற்கிற வகையை வைகாசியில் வாங்கியது. அது ஆர்ஜென்ரினா, உருகுவே பக்கத்து மீன், குளிர்ந்த தண்ணீருக்குப் பழகியது. சித்திரை வைகாசியில் எங்கள் விறாந்தைத் தொட்டி 31, 32 பாகை காட்டும். மூன்று கிழமைக்குள் நான்கும் போய்விட்டன. மீனில் குறையில்லை, அதை இங்கே கொண்டுவந்து விற்பதிலும் வாங்குவதிலும்தான் குறை.

யாழ்ப்பாண வெக்கைக்கு ஸ்டெர்பாய் கோரியைத்தான் சொல்வேன். பிரேசில், பொலிவியா எல்லை ஆற்று மீன், ஸ்டெர்பா என்ற ஜெர்மன் விலங்கியலாளரின் பெயரால் வந்த பெயர். தலையில் கறுப்புக்கு மேல் வெள்ளைப் பொட்டு, நெஞ்சுச் செட்டை செம்மஞ்சள். 28 பாகையில் சுகமாக இருக்கும், அதற்கு மேல் போனாலும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். குப்பியின் விலையைப் போலப் பல மடங்கு, ஆறு வாங்குகிறபோது கை கொஞ்சம் நடுங்கும், ஆனால் நான் இரண்டு தடவை செத்த மீனுக்குக் கொடுத்த காசைக் கூட்டினால் இதற்குக் கிட்ட வருகிறது. ஆறுக்கு இந்தத் தொட்டி மட்டுமட்டு என்பதையும் மறைக்கவில்லை. அதனால் குப்பியில் பாதியைப் பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் கொடுத்துவிட்டேன். கைக்குக் காசு பத்தாவிட்டால் புரோன்ஸ் கோரியும் பரவாயில்லை, வெள்ளையாகச் சிவப்புக் கண்ணோடு விற்கிறார்களே, அது பெரும்பாலும் அதே இனம்தான்.

கடையில் என்ன பார்ப்பது? மீசை. மீசை தேய்ந்து மொட்டையாக இருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். கூரான கல்லிலும் ஊத்தை ஊறிய தரையிலும் கிடந்தால் மீசை கரைந்துபோகும், பிறகு அதால் ஒழுங்காகச் சாப்பாடு தேட முடியாது. வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நான் போகிற கடைகளில் ஒன்றில் எல்லாத் தொட்டிக்கும் உப்பு அள்ளிப் போடுகிறார்கள், நோய் வராதாம். குப்பிக்குச் சரி, செதில் இல்லாமல் தகடு போர்த்திய கோரிக்கு உப்பு அவ்வளவு ஒத்துக்கொள்ளாது. அங்கே கோரி வாங்குவதை நிறுத்திவிட்டேன். இன்னொன்று, வலையால் அள்ளுகிறபோது செட்டை முள் வலையில் கொளுவிக்கொள்ளும், அதை இழுத்துப் பிய்க்கிற பெடியன்களைப் பார்த்திருக்கிறேன். "தம்பி, பிளாஸ்ரிக் கோப்பையாலை அள்ளித் தாங்கோ" என்று கேளுங்கள், ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. முள் கையில் ஏறினாலும் கடுக்கும்.

வீட்டுக்கு வந்தால் மணல். மெல்லிய ஆற்று மணல், அரித்து, வாளியில் தண்ணீர் தெளியும் வரை கழுவியது. கடற்கரை மணல் வேண்டாம், அதில் சிப்பித்தூள் கலந்திருக்கும். வடிவுக்கென்று முருகைக்கல்லும் போடாதீர்கள், ஏற்கெனவே கல்லுத் தண்ணீர், அதில் இன்னும் சுண்ணாம்பு கரையும். வலிகாமத்துத் தோட்டக் காணிகளை அண்டிய கிணறுகளில் இன்னொரு சிக்கல், பசளையால் வருகிற நைத்திரேற்று. குடிதண்ணீருக்கே உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது, அதைத் தாண்டிய கிணறுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. தண்ணீர் மாற்றினால் நைத்திரேற்றுக் குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள், மாற்றுகிற தண்ணீரிலேயே அது இருந்தால்? நான் மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து மூடிய பரலில் வைத்துக் கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கிறேன், முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு. வெயிலில் வற்றுகிற தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுவதும் மழைத்தண்ணீர்தான், ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், சுண்ணாம்பு தொட்டியிலேயே நின்றுவிடும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள்.

கோரி திடீரென்று மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே வரும். பயப்பட வேண்டாம், அதன் குடலாலும் ஒட்சிசன் எடுக்கும், பிறவிக் குணம். அடிக்கடி, நிமிடத்துக்கு நிமிடம் போனால்தான் தண்ணீரில் ஒட்சிசன் இல்லை என்று அர்த்தம். 2022 பங்குனியில் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கறண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது அதிகம் செத்தவை குப்பிகள், அந்த நேரம் என்னிடம் கோரி இல்லை. அந்த அனுபவத்தில் பற்றரியில் ஓடுகிற எயார் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

சாப்பாடு தனியாகப் போட வேண்டும். குப்பி மிச்சம் விடுவதைத் தின்று வாழும் என்று நினைத்து யாரும் வாங்காதீர்கள், குப்பி மிச்சம் விடுவதில்லை. அடியில் தாழ்கிற வில்லை, லைற் அணைத்த பிறகு, அரை வில்லை.

கூலி லோச் என்று பாம்புக்குட்டி மாதிரி ஒன்று, மஞ்சளும் கறுப்பும் வளையம். அம்மா முதல் நாள் பார்த்துவிட்டுத் தொட்டிப் பக்கமே வரவில்லை. ஐந்து வாங்கினேன், ஒரு வருடத்தில் மொத்தமாக ஐந்து தடவை கண்டிருப்பேன், அதுவும் இரவில் ரோர்ச் அடித்து. ஒன்று பில்ரருக்குள் போய் உயிரோடு இருந்தது, உறிஞ்சுகிற வாயில் பஞ்சு கட்டாதது என் பிழை. மென்மையான தண்ணீரை விரும்புகிற மீன் எங்கள் தண்ணீரில் தாக்குப் பிடித்தது, அவ்வளவுதான் சொல்லலாம். ஐந்து புள்ளிக்கு இரண்டரை.

நம்முடைய அயிரையும் இதே லோச் கூட்டம்தான், தமிழ்நாட்டில் மதுரைப் பக்கம் குழம்பு வைத்துக் கொண்டாடுகிறார்கள். மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு கிடக்கும், வெக்கைக்குப் பிறந்த மீன். வன்னியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறார், கிடைத்தால் முதலில் தனி வாளியில் மூன்று கிழமை வைத்துவிட்டுத்தான் பார்ப்பேன், வெளியிலிருந்து வருவதில் என்ன ஒட்டிக்கொண்டு வருமோ. அதுவும் கோரி இருக்கிற தொட்டிக்குள் அல்ல.

கண்ணாடிப் பாசிக்கு இப்போது நத்தை. கல்லுத் தண்ணீரில் ஓடு கெட்டியாக இருக்கிறது, இந்த ஒரு விடயத்தில் கிணறு எங்கள் பக்கம்.

கோரிகளை வாங்கியது ரவுணுக்கு வெளியே ஒரு சின்னக் கடையில். பெயர்ப்பலகை வெயிலில் வெளிறிப்போய் இருக்கும், பார்க்கிங் இல்லை, மத்தியானம் பூட்டிவிடுவார். ஆனால் நான் ஆறு ஸ்டெர்பாய் கேட்டதும் அவர் முதலில் கேட்டது, "தொட்டி எத்தினை அடி? மணலோ கல்லோ?" கல்லு என்று சொல்லியிருந்தால் தந்திருக்க மாட்டார் போலிருந்தது. அதற்காகவே ஐந்துக்கு நாலரை, அரையைக் குறைத்தது விலைக்கு. ஆறில் ஒன்று முதல் மாதத்திலேயே செத்தது, சொன்னபோது மற்ற ஐந்தும் சாப்பிடுகிறதா, மீசை சரியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, அடுத்த கிழமை கொழும்பிலிருந்து மீன் வருகிறது, ஒன்று எடுத்து வைக்கிறேன் என்றார். போன கிழமை கண்ணாடியில் முட்டை ஒட்டியிருந்தது. படம் எடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் குப்பிகள் தின்றுவிட்டன.