ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் ஸ்கேன் செய்கிறவர்கள் கவனிக்க

ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கப் போன ஒரு மாணவிக்கு நேர்ந்தது இது. "மெயில் எல்லாம் எதுக்கும்மா, வாட்ஸ்அப்பை இதுல ஸ்கேன் பண்ணிடு, நானே எடுத்துக்குறேன்" என்றார் கடைக்காரர். மூன்று பக்கம், 15 ரூபாய். வேலை முடிந்ததும் மாணவியின் கண்ணெதிரிலேயே டேபை மூடினார். ஒன்பதாம் நாள் சித்தப்பாவுக்கு மெசேஜ் போயிருக்கிறது: "அவசரம் சித்தப்பா, இந்த நம்பருக்கு 8,000 ஜிபே பண்ணுங்க." வந்தது மாணவியின் சொந்த நம்பரிலிருந்து, சித்தப்பாவும் அனுப்பிவிட்டார். மாணவியின் போனிலோ அந்த மெசேஜே இல்லை. கடையில் கேட்டால், "நூறு பேர் உட்கார்ற சிஸ்டம், யார் பண்ணாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

டேபை மூடினால் லாக் அவுட் ஆகாது. ஸ்கேன் செய்த சாவி அந்த பிரவுசருக்குள் பதிந்துவிடும். மறுநாள் யார் வெப் வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் உங்கள் சாட் அப்படியே விரியும். அதில் முன்பு அனுப்பிய ஆதார், பான் கார்டு படங்களும் இருக்கும். போனில் நெட் இல்லாவிட்டாலும் அது ஓடும். போன் தொடர்ந்து 14 நாள் பயன்பாட்டில் இல்லாமல் போனால் இணைத்த கருவிகள் தானாகக் கழன்றுகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் 14 நாள் வாட்ஸ்அப் திறக்காமல் இருப்பவர் யார்? அங்கிருந்து அனுப்பிய மெசேஜை அங்கேயே 'டெலீட் ஃபார் மீ' கொடுத்தால் உங்கள் போனிலும் மறைந்துவிடும். மாணவிக்கு ஒன்றும் தெரியாமல் போனது இதனால்தான்.

பதறிப்போய் அவர் முதலில் மாற்றியது ஆறு இலக்க டூ-ஸ்டெப் பின்னை. அதனால் பயனில்லை. வேறு போனில் உங்கள் நம்பரைப் பதியும்போது கேட்பதுதான் அந்த பின். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியேற்றாது. வெளியேற்றும் இடம் வேறு: வாட்ஸ்அப்பில் மூன்று புள்ளி, லிங்க்டு டிவைசஸ். அங்கே 'குரோம், விண்டோஸ்' என்று ஒரு வரியும் கடைசியாக இயங்கிய நேரமும் இருக்கும். முதலில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், புகாருக்கு வேண்டும். பிறகு அந்த வரியைத் தொட்டு லாக் அவுட். பணம் போயிருந்தால், அனுப்பியவர் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்; 12 இலக்க யூபிஐ பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும்.

லாக் அவுட் செய்தாலும் டவுன்லோட் ஆன ஃபைல் அந்த கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். கடையை விட்டுக் கிளம்பும் முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அதைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். வெறும் டெலீட் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும்.

ஜிமெயில் இன்னும் மோசம். கடை குரோமில் நுழைந்து, கேட்டதற்கெல்லாம் 'யெஸ்' கொடுத்தால், நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டு மொத்தமும் அங்கே இறங்கிவிடலாம். கட்டாயம் திறக்க வேண்டுமென்றால் மேலே வலது மூலையில் உள்ள புரொஃபைல் வட்டத்தைத் தட்டி 'கெஸ்ட்' ஜன்னலில் திறங்கள். அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடினால்தான் குக்கீ (பிரவுசரில் பதியும் லாகின் தகவல்) அழியும். மறந்து வந்துவிட்டால் போனிலேயே கூகுள் அக்கவுண்ட், செக்யூரிட்டி, 'யுவர் டிவைசஸ்' போய் அந்த கம்ப்யூட்டரை சைன் அவுட் செய்யலாம். டெலிகிராமில் செட்டிங்ஸ், டிவைசஸ். அங்கேயே எத்தனை நாள் சும்மா இருந்தால் தானாக வெளியேற வேண்டும் என்பதை ஒரு வாரமாகக் குறைத்து வைக்கலாம்.

பிரிண்டுக்கு நல்ல வழி, அந்த ஒரு ஃபைல் மட்டும் உள்ள பென் டிரைவ். கடை கம்ப்யூட்டர்களில் வைரஸ் சர்வசாதாரணம், வீட்டுக்கு வந்ததும் ஃபார்மட் செய்துவிடுங்கள். கடை நம்பருக்கே அனுப்புவதும் பரவாயில்லை. போவது ஒரு தாள்தான், முழு சாட் அல்ல.

சொந்த லேப்டாப்பில் சைன் இன் ஆகியே இருப்பதில் தவறில்லை. எழுந்து போகும்போது விண்டோஸ் கீயும் 'L' கீயும் சேர்த்து அழுத்தி ஸ்கிரீனைப் பூட்டுங்கள். பலர் புழங்கும் கம்ப்யூட்டர் என்றால் வெப் வாட்ஸ்அப்பின் பிரைவசி பகுதியில் ஆப் லாக்கைப் போட்டு வையுங்கள்.

ஸ்கேன் இல்லாமலும் இதே வேலை நடக்கும். போன் நம்பரை வைத்து இணைக்கும்போது எட்டு எழுத்துக் குறியீடு (code) ஒன்று வரும். "கேஒய்சி அப்டேட், இந்த code-ஐ உங்க வாட்ஸ்அப்ல போடுங்க" என்று யாராவது அழைத்துச் சொன்னால், அவர் கேட்பது உங்கள் வாட்ஸ்அப்பை அவருடைய கம்ப்யூட்டரில் திறந்துவிடச் சொல்லித்தான்.