கூகுள் டாக்ஸா, ஈதர்பேடா?

வகுப்பில் மாணவர்கள் குழுவாக முதல் வரைவு எழுத ஈதர்பேட் (பலர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதும் இணையக் கருவி), தனிக் கட்டுரையைச் செம்மைப்படுத்த கூகுள் டாக்ஸ். என் தேர்வு இதுதான்.

ஈதர்பேடில் பொதுவாக மாணவருக்குக் கணக்கே வேண்டாம். இணைப்பைத் திறந்தால் எழுதத் தொடங்கலாம். ஒவ்வொருவர் எழுத்தும் தனி நிறத்தில் தெரிவதால், யார் ஒதுங்கியிருக்கிறார் என்பது உடனே புரிந்துவிடும். அப்புறம், நேரக்கோட்டை நகர்த்தினால் கட்டுரை உருவான விதத்தையே ஓட்டிப் பார்க்கலாம். 'இந்த வரியை ஏன் மாற்றினாய்?' என்று வகுப்பிலேயே பேசலாம். எழுத்துப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த உரையாடல் இது. திறமூல மென்பொருள் என்பதால் பள்ளி தன் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். பொதுத் தளத்தில் இணைப்பு தெரிந்த எவரும் நுழைந்துவிட முடியும், கவனம்.

டாக்ஸின் பலம் பரிந்துரை முறை. ஆசிரியர் திருத்தினாலும் மாணவரின் வாக்கியம் அழியாது. ஏற்பதா விடுவதா என்று மாணவரே யோசித்து முடிவெடுப்பார்.