சுனாமியும் சண்டையும் தந்த உளநோய்: டி.எஸ்.எம்.மா, ஐ.சி.டி.யா?

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2004இல் சுனாமியைக் கண்டவர், 2006இல் சண்டைக்குள் அகப்பட்டு இடம்பெயர்ந்தவர், பிறகு பல வருடம் நலன்புரி நிலையத்தில் இருந்தவர். அவருடைய நோய்க்கு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் உளநோய்க் கையேடான டி.எஸ்.எம்.-5 வைக்கும் பெயரும், 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 வைக்கும் பெயரும் வேறாக இருக்கலாம்.

பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனவடு நோய்க்கு (PTSD) டி.எஸ்.எம். 20 அறிகுறிகளை நான்கு தொகுதிகளாக அடுக்குகிறது. ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கவும் வேண்டும். ஐ.சி.டி. மூன்றையே மையமாக்குகிறது: நடந்தது இப்போதே நடப்பதுபோல் திரும்ப வருவது, அதை நினைவூட்டுபவற்றைத் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் பக்கத்திலேயே இருப்பதாக உணர்வது. சனம் நிறைந்த கிளினிக்கில் இதுதான் கைகொடுக்கும். ஆனால் "பிள்ளையின்ர கையை விட்டுட்டேனே" என்று தன்னையே குற்றம் சொல்லும் தாயின் வேதனையை டி.எஸ்.எம். அறிகுறியாக எண்ணுகிறது. ஐ.சி.டி.யின் மையத்தில் அதற்கு இடமில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

ஆனாலும் சம்பூர்க்காரருக்கு நான் ஐ.சி.டி.யையே எடுப்பேன். அந்த மூன்றோடு உணர்ச்சியை அடக்க முடியாமை, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம், உறவுகளில் ஒட்ட முடியாமை ஆகியவையும் சேர்ந்தால், ஐ.சி.டி. அதைச் 'சிக்கலான மனவடு நோய்' என்று தனியாக வகுக்கிறது. டி.எஸ்.எம்.மில் அப்படித் தனி நோய் இல்லை. கெட்ட கனவுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் வீட்டில் வெடிக்கும் கோபம் அப்படியே கிடக்கும்.

முதல் நாட்களின் பதற்றம்? டி.எஸ்.எம். மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரை அதை நோயாக வகுக்கிறது, ஐ.சி.டி.-11 அதை நோய்ப்பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அதுதான் சரி.

உறவினர் இறந்தபின் ஆறாமல் தொடரும் 'நீடித்த துயர்' என்ற நோய்க்கு ஐ.சி.டி. குறைந்தது 6 மாதம் கேட்கிறது. 2022இல் திருத்திய டி.எஸ்.எம். பெரியவர்களுக்கு 12 மாதம் கேட்கிறது. அந்தியேட்டிச் சடங்கு முடிந்தும், ஒரு வருடத்தில் வரும் ஆட்டத் திவசம் வரை துக்கம் காக்கும் நம் வழக்கத்தோடு பின்னது பொருந்துகிறது. ஊர் வழக்கத்தை மீறிய துயரா என்று பார்க்கும்படி இரண்டுமே சொல்கின்றன.

ஆனால் இரண்டுமே மரணத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்குகின்றன. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்குத் திவசத் திகதியே கிடையாது. அவருடைய கோப்பில் 'நீடித்த துயர்' என்று எழுதுவது, அவர் ஏற்காத ஒரு மரணத்தை அவருக்காக வைத்தியர் ஏற்றுக்கொள்வதாகிவிடும். மனச்சோர்வோ மனவடுவோ இருந்தால் அதற்கு வைத்தியம் பார்க்கலாம். தேடலை நோயாகப் பதியக் கூடாது.