உழக்கா, தராசா?

காரைக்குடி வீட்டில் வெள்ளைப் பணியாரத்துக்கு அப்பத்தா தராசைத் தேடியதே இல்லை. பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார், சரிந்து விழாமல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் கணக்கு. கிராமில் சொல்லுங்கள் என்றால் சிரிப்பார். உழக்கு சின்னதோ பெரியதோ, இரண்டையும் ஒன்றிலேயே அளப்பதால் விகிதம் கெடாது.

கேக் அப்படியில்லை. மைதாவைக் கரண்டியால் மெதுவாகப் போட்டுத் தலைதட்டினால் 240 மி.லி. கப்பில் சுமார் 120 கிராம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராம்கூட வந்துவிடும். அந்த 30 கிராமில்தான் என் முதல் கேக் செங்கல்லானது. அதே கப்பில் சீனி 200 கிராம், வெண்ணெய் கிட்டத்தட்ட 227 கிராம், அதனால் ‘ஒரு கப்’ என்பதை எல்லாவற்றுக்கும் ஒரே எடையாக மாற்றவும் முடியாது.

கேக்குக்கு நான் டிஜிட்டல் தராசுதான். கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டே போகலாம், கழுவ வேண்டிய பாத்திரமும் குறைவு (இதுவே பாதிக் காரணம்). பணியாரத்துக்கு மட்டும் அதை எடுப்பதில்லை. அங்கே தண்ணீரைக்கூட மாவு கரண்டியிலிருந்து விழுவதைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.