கால் நகத்தை முழுசாகப் பிடுங்கச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

என் வலது கால் பெருவிரலோடு ஒரு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி, மூன்று மாதம் முன்புதான் ஒரு வழியாக ஓய்ந்தேன். சதைக்குள் நகம் வளர்வது பெரிய வியாதி இல்லை. ஆனால் அதை வைத்து என்னிடம் பணமும் நேரமும் எப்படிப் பிடுங்கினார்கள் என்பதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் என்னைப் போலவே ஒற்றைச் செருப்போடு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார், எந்த இடம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு இடத்தைத் தவிர்த்துவிட்டு அதே வேலையைச் செய்யும் இன்னொரு இடத்துக்குத்தான் போவீர்கள்.

ஆரம்பம் ஒரு பார்லரில். பெடிக்யூர் செய்த பெண் பெருவிரல் நகத்தின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, "இங்க நகம் உள்ள போகுதே, எடுத்துவிடறேன்" என்றார். நானும் தலையாட்டினேன். வளைந்த முனை உள்ள ஒரு கருவியை நகக்கண்ணுக்குள் விட்டு நோண்டி, ஓரத்தை நல்ல ஆழமாக வட்டமாக வெட்டிவிட்டார். அன்றைக்குச் சுகமாகத்தான் இருந்தது. நகத்தை மிருதுவாக்கும் என்று ஒரு சின்ன பாட்டில் எண்ணெயும் என் தலையில் கட்டினார், அதையும் வாங்கினேன்.

என்ன நடந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. ஓரத்தை ஆழமாக வெட்டும்போது கத்தி எட்டாத இடத்தில் நகத்தின் ஒரு சின்னச் சிலும்பு மிச்சமிருந்துவிடுகிறது. மேலே பார்த்தால் தெரியாது. நகம் வளர வளர அந்தச் சிலும்பு முன்னால் நகர்ந்து பக்கத்துச் சதைக்குள் முள் மாதிரி இறங்குகிறது. நகம் இல்லாத காலி இடத்தில் சதை மேலே எழும்பி வேறு நிற்கும், அதனால் வளர்கிற நகத்துக்கு வழியே இருக்காது. அதாவது "ஓரத்தை எடுத்துவிடறேன்" என்று சொல்லிச் செய்வதுதான் இந்தப் பிரச்சினைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. இதோடு என் ஷூவும் சேர்ந்துகொண்டது. முனை குறுகலான, அரை அளவு சின்னதான ஷூவைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவன் நான். வியர்வையில் ஊறிய சதையில் நகம் இன்னும் சுலபமாக இறங்கும்.

இரண்டு வாரத்தில் விரலின் ஓரம் சிவந்து வீங்கியது. ராத்திரி போர்வை பட்டாலே உயிர் போனது. எல்லோரும் நகச்சுற்று என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். நகச்சுற்று என்பது நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி புகுந்து சீழ் வைப்பது. இங்கே கிருமி பின்னால் வந்த விருந்தாளி, முதலில் வந்தது நகம். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் அடுத்த இரண்டு மாதத்தைத் தொலைத்தேன்.

நான் போன கிளினிக்கில் டாக்டர் விரலைப் பார்த்தது ஒரு நிமிஷம் இருக்கலாம். ஷூவைப் பார்க்கவில்லை, நகத்தை எப்படி வெட்டுவேன் என்று கேட்கவில்லை, சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை (இதற்குப் பிறகு வருகிறேன்). ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை, ஒரு களிம்பு. வலி குறைந்தது. மாத்திரை தீர்ந்த நாலாம் நாள் மறுபடி ஆரம்பித்தது. மறுபடி போனேன், வேறு மாத்திரை. மூன்றாம் தடவையும் அதேதான். முள் குத்திய காலில் முள்ளை அப்படியே விட்டுவிட்டு மருந்து தடவினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. சிவப்பு பரவுகிறது, காய்ச்சல் வருகிறது என்றால் அந்த மாத்திரைக்கு வேலை இருக்கிறது. நகம் உள்ளேயே குத்திக்கொண்டிருக்க மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

இதற்குள் நகத்தின் ஓரத்தில் செக்கச்செவேலென்று ஒரு சதை வளர்ந்துவிட்டது. தொட்டாலே ரத்தம். அதைக் காட்டியதும் டாக்டர், "இனி நகத்தை எடுத்துட வேண்டியதுதான், எடுத்துட்டா தீர்ந்தது" என்றார். திரும்ப வராதா என்று கேட்டேன். "வராதுங்க, எழுதியா தரணும்?" என்று சிரித்தார். எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

விரல் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள், அந்த ஊசிதான் எல்லாவற்றிலும் கொடுமை, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. அப்புறம் நகத்தை முழுசாகப் பெயர்த்து எடுத்தார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பில்லில் "சிறு அறுவை சிகிச்சை" என்று ஒரு வரி, அறை வாடகை என்று ஒரு வரி, நான் எந்த அறையில் இருந்தேன் என்று இன்றுவரை தெரியாது. கூடவே பத்து நாள் கட்டு மாற்றுவதற்கு முன்பணம். அங்கேயே வந்து மாற்றினால்தான் ஆறும் என்றார்கள். ஐந்து நாள் போனேன், ஆறாவது நாளிலிருந்து வீட்டிலேயே கழுவிக் கட்டிக்கொண்டேன், நன்றாகவே ஆறியது. மிச்சம் ஐந்து நாள் காசு அவர்களிடம்.

ஏழாவது மாதம் புது நகம் விரலின் முன்பக்கம் வந்து முட்டியது. கால் பெருவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், முழுசாக வர 12 முதல் 18 மாதம் வரை ஆகும். இத்தனை மாதமும் மேலிருந்து அழுத்திப் பிடிக்க நகம் இல்லாததால் விரல் நுனிச் சதை மேட்டு வரப்பு மாதிரி எழும்பி நின்றது. புது நகம் தடிமனாக, கொஞ்சம் கோணலாக வந்து அந்த வரப்பில் இடித்தது, பழைய ஓரத்திலும் குத்தியது. முன்பு ஒரு பக்கம் இருந்த வலி இப்போது இரண்டு பக்கம்.

அதே கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் அசரவே இல்லை. "உங்க நக வாகு அப்படி. இன்னொரு தடவை எடுத்துடலாம்." எடுத்தால் மறுபடி வராதா என்று கேட்டேன். "பார்க்கலாம்." முதல் தடவை எழுதித் தருகிறேன் என்றவர், இரண்டாம் தடவை பார்க்கலாம் என்கிறார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் முதலில் என் ஷூவைக் கையில் எடுத்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். அதுவே எனக்குப் பாதி நிம்மதி. பழைய காகிதத்தைக் கேட்டார். அதில் "நகம் அகற்றப்பட்டது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. "வேருக்கு என்ன பண்ணாங்க?" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை.

விஷயம் இதுதான். நாம் பார்க்கிற நகம் செத்த பொருள். அது உற்பத்தியாகும் இடம் நகத்தின் அடியில், தோலுக்குள் மறைந்திருக்கிறது, அதைத்தான் நகவேர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நகத்தை மட்டும் பெயர்த்து வேரைத் தொடாமல் விட்டால் அதே அகலத்தில், அதே இடத்தில் புது நகம் முளைக்கும். வேரைத் தொடாமல் முழு நகத்தையும் எடுத்தவர்களில் ரொம்பப் பேருக்குத் திரும்ப வருகிறது என்பது மருத்துவ உலகில் பல காலமாகத் தெரிந்த சங்கதி. அதனால், மறுபடி மறுபடி வருகிற நகத்துக்கு வழக்கமாகச் செய்வது வேறு: குத்துகிற ஓரத்தில் மட்டும் மூன்று நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு நுனியிலிருந்து வேர் வரை நீளவாக்கில் ஒரு கீற்றை எடுத்துவிட்டு, அந்தக் கீற்று முளைத்த வேர்ப்பகுதியில் ஃபீனால் என்ற ரசாயனத்தைத் தடவி அதை மட்டும் அழித்துவிடுவார்கள். மிச்ச நகம் அப்படியே இருக்கும், கொஞ்சம் ஒல்லியாக. இந்த ஃபீனால் முறை 1945லிருந்தே இருக்கிறது. புது மிஷின், லேசர் என்று எதுவும் கட்டாயம் இல்லை, ஒரு பஞ்சுக் குச்சியும் கவனமான கையும் போதும்.

"இனி வரவே வராதா?" என்று இவரிடமும் கேட்டேன், பழக்க தோஷம். "பெரும்பாலும் வராது, கொஞ்சம் பேருக்கு வரும், வந்தா சொல்லுங்க" என்றார். எழுதித் தரட்டுமா என்று சிரித்தவரைவிட இந்தப் பதில் எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

ஊசி அதே ஊசிதான், அதே கொடுமைதான். ஆனால் வெட்டுவதற்கு முன் கிள்ளிப் பார்த்து மரத்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டார். பிறகு நான் எதிர்பார்த்த அளவு வலியே இல்லை, ஃபீனாலே கொஞ்சம் மரக்கச் செய்யும் என்றார். சில வாரம் மஞ்சளாகக் கசியும், அது சீழ் இல்லை, ரசாயனம் பட்ட புண் ஆறுகிற விதம் அப்படி, ஆனால் வலி கூடினால், நாற்றம் வந்தால், சிவப்பு பரவினால் உடனே வா என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். நாலு வாரம் கசிந்தது. கட்டு வீட்டிலேயே மாற்றினேன். அவ்வளவுதான் கதை.

எல்லோருக்கும் வெட்டு தேவைப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் கதை மூன்றாவது வாரத்திலேயே முடிந்திருக்கலாம். லேசான சிவப்பும் வலியும் மட்டும் இருந்து சீழ் இல்லை என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து இருபது நிமிஷம், நாளைக்கு மூன்று நாலு தடவை காலை ஊறவைத்து, ஈரமில்லாமல் துடைத்து, குத்துகிற ஓரத்துக்கு அடியில் துளி பஞ்சைத் திரித்து வைத்து நகத்தைச் சதைக்கு மேலே தூக்கி நிறுத்தலாம். பஞ்சைத் தினமும் மாற்ற வேண்டும். பக்கத்துச் சதையை நகத்திலிருந்து விலக்கிப் பிளாஸ்திரி போட்டு இழுத்துக் கட்டுவதும் உண்டு. முனை திறந்த செருப்பு. ஓரிரு வாரத்தில் குறையவில்லை அல்லது சீழ் தெரிகிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள்.

நகத்தின் நடுவில் 'வி' மாதிரி வெட்டினால் ஓரங்கள் நடுப்பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று எனக்கு மூன்று பேர் அறிவுரை சொன்னார்கள். செய்தும் பார்த்தேன். நகம் வேரிலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு வருவது, நடுவில் பள்ளம் விழுந்ததென்று அதற்கு எப்படித் தெரியும்? சாக்ஸ் மாட்டி இழுத்ததுதான் கண்ட பலன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மேலே சொன்ன வீட்டு வேலை எதையும் செய்யாதீர்கள், பார்லரில் ஓரத்தை நோண்டவும் விடாதீர்கள். உணர்ச்சி மங்கிய காலில் வலி தெரியாது, சின்னப் புண் ஆறாமல் பெரிதாகி விரலையே இழக்கிற அளவுக்குப் போகலாம். வெந்நீரின் சூடு தெரியாமல் வெந்துகொள்கிற ஆபத்து வேறு. அவர்கள் முதல் நாளே டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்காமலே என் நகத்தைப் பிடுங்கிய ஆளை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. எனக்குச் சர்க்கரை இல்லை, தப்பித்தேன். அடுத்தவருக்கு?

இன்னொன்று, நகத்தோரச் சதை சிகிச்சைக்குப் பிறகும் ஆறாமல் வளர்ந்துகொண்டே இருந்தால் அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அபூர்வமாக அது வேறு ஏதாவதாக இருக்கலாம், தோல் புற்றுநோய் உட்பட. பயமுறுத்த எழுதவில்லை, எனக்கும் அனுப்பினார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது.

இப்போது நகத்தை நேராகத்தான் வெட்டுகிறேன், குளித்த பிறகு, நகம் ஊறியிருக்கும்போது. முனைகளை வட்டமாக்குவதில்லை, இரண்டு மூலையும் சதைக்கு வெளியே தெரிகிற மாதிரி விட்டு, கூராக இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்ப்பதோடு சரி. பழைய ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். புது ஷூ வாங்கச் சாயங்காலம் போனேன், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில் அளவு பார்த்தால்தான் சரியாக வரும்.

ஒருவேளை உங்களுக்கும் நகத்தை எடுக்கச் சொன்னால், ஊசி போட உட்காருவதற்கு முன்னால் கேளுங்கள்: முழுசாகவா, ஓரம் மட்டுமா? வேரை என்ன செய்வீர்கள்? முழு நகமும் எடுத்தே தீர வேண்டிய சில நிலைமைகள் உண்டுதான், அப்படியென்றால் ஏன் என்று சொல்லட்டும். கேள்வியைக் கேட்டதும் முகம் சுளித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், நகம் இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கொள்ளும். பில்லை வரி வரியாக விளக்கச் சொல்லுங்கள். கட்டு மாற்ற முன்பணம் கட்டாதீர்கள்.

என் ஐந்து நாள் கட்டுக் காசு இன்னும் வரவில்லை. போன வாரமும் போன் செய்தேன், டாக்டர் வந்ததும் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.