மீரா: நேரான எழுத்தா, புது எழுத்தா?

சிங்கப்பூரில் பிறந்த பெண் குழந்தைக்குப் பெயர் மீரா என்று முடிவாகிவிட்டது, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில்தான் இழுபறி. வழக்கமான எம், டபுள் இ, ஆர், ஏ ஒரு பக்கம். எண் கணிதக்காரர் எழுதிக் கொடுக்கும் எம், ஒய், ஆர், ஏ, எச் மறுபக்கம்.

புது எழுத்தின் லாபம், ஒரே வகுப்பில் இன்னொரு மீரா இருந்தாலும் இவள் தனியாகத் தெரிவாள், விரும்பிய மின்னஞ்சல் முகவரியும் சுலபமாகக் கிடைக்கும். அவ்வளவுதான். பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) சீன, மலாய் தாதியர் அதைப் பார்த்தால் "மைரா" என்றுதான் கூப்பிடுவார்கள், அது அவர்கள் தப்பில்லை. தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும், பாஸ்போர்ட்டில் இருப்பது விமான டிக்கெட்டிலும் அப்படியே இருக்க வேண்டும், தாத்தா டிக்கெட் போட்டால் கேட்கவே வேண்டாம்.

நேரான எழுத்தில் இந்தத் தலைவலி இல்லை. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயரும் கிடையாது, 'டி/ஓ' (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயர்தான், அதனால் பெயர்க்குழப்பத்தை அதுவே பெரும்பாலும் தீர்த்துவிடும்.

பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது. வளர்ந்தபின் மாற்றுவதென்றால் வழக்கறிஞரிடம் போய் டீட் போல் (பெயர் மாற்றப் பத்திரம்) செய்ய வேண்டும், அப்புறம் ஆவணங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். என் ஓட்டு டபுள் இ-க்கு. எண் ராசிதான் முக்கியமென்றால் செல்லப்பெயரில் பார்த்துக்கொள்ளுங்கள்.